நீதான சொன்ன

அக்காவோடு இரானி ஹோட்டலுக்குப் போனால் உட்கார்ந்த உடனே, "ஒனக்கு எப்படித் தோணுது பிள்ள? பன் மஸ்காவா, கேக்கா?" என்பாள். நான் கேக் என்றால் இரண்டு பேருக்கும் கேக். நன்றாக இருந்தால் பேசாமல் தின்பாள். காய்ந்துபோயிருந்தால் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நீதான சொன்ன" என்பாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டேதான். அடுத்த தடவை நான் உஷாராகி, "நீங்களே சொல்லுங்கக்கா" என்று விட்டுப் பார்ப்பேன். "எனக்கு எதுன்னாலும் சரிதான்" என்று சர்வர் முகத்தைப் பார்ப்பாள். சர்வர் என் முகத்தைப் பார்ப்பான். கடைசியில் நான்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.

என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. பெயரையும் எழுதப்போவதில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் அவள் சொந்தக்காரர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு அவள் நல்ல அத்தையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பம்பாயில், மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நாலு நிமிஷ நடையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. ஏழு மெஷின், ஒரே அறை. ஆள் தேவை என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் யாரோ சொல்லி, இருபதாவது வயதில் நான் அங்கே வேலைக்குப் போனேன். தாராவியிலிருந்து நடந்தே போய்விடுவேன். அப்பா மில்லில் பிட்டர். வீட்டில் எனக்குக் கீழே மூன்று பேர்.

அக்கா ஒல்லியாக, உயரமாக இருப்பாள். வெள்ளைச் சேலை, விரலகலக் கரை. வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே, "மூணாவது மெஷின் கீயைப் பாத்து அடிக்கி" என்பாள். ஏழு மெஷின் ஒன்றாகக் கத்தும்போது அது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு பிள்ளையையும் அவள் திட்டி நான் கேட்டதில்லை. திட்டுகிற வேலை எனக்கு. "அந்தப் பையன் இப்படியே இருந்தா பாஸாவான்னு ஒனக்குத் தோணுதா?" என்று என்னிடம் கேட்பாள். நான் போய்க் கத்துவேன். அவன் அழுதுகொண்டு வந்தால் அவள்தான் தண்ணீர் கொடுப்பாள். பிள்ளைகள் எல்லாம் அவளை 'மிஸ்' என்று சுற்றிச் சுற்றி வரும். என்னைக் கண்டால் ஓடும்.

பெருக்க வந்துகொண்டிருந்த பாயி ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி, அடிக்கடி நேரம் கழித்து வருவாள். ஒருநாள் அக்கா, "இந்தப் பாயி எப்படி? ஒனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டாள். என்ன பொல்லாத நேரமோ, "லேட்டாத்தான் வாராக்கா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பாயி கீழே மருந்துக்கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம் போலி, துமீச் போலா" என்றாள். நீதான் சொன்னாயாம், மேடமே சொல்லிவிட்டாளாம். இடுப்பில் குழந்தை மூக்கொழுகிக்கொண்டு என்னையே பார்த்தது. மேலே போய் அக்காவிடம் கேட்டேன். "பாவம், எனக்கும் மனசே இல்ல. நீ கஷ்டப்படுதியேன்னு பாத்தேன்" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, எனக்காக ஒருத்தி பார்க்கிறாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

என்னுடைய ஆசை எல்லாம் அந்தப் போர்டுதான். மாடிப்படிக்குப் பக்கத்தில் நீல நிறத் தகரப் போர்டு, அதில் இன்ஸ்டிட்யூட் பெயருக்குக் கீழே அக்காவின் பெயர். அதற்குக் கீழே ஒரு பெயருக்குச் சரியாக இடம் காலியாக இருந்தது. நான் பங்குதாரர் ஆகி அந்த இடத்தில் என் பெயர் வர வேண்டும். தினமும் படியேறும்போது அந்த வெற்றிடத்தைப் பார்க்காமல் ஏறமாட்டேன். "நம்ம இன்ஸ்டிட்யூட், நம்ம பிள்ளைங்க, நம்ம மெஷின்" என்று அக்கா வாய்க்கு வாய் சொல்வாள். எனக்கு வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

மூன்றாம் வருஷம் எனக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஸ்டெனோ வேலைக்கு ஆர்டர் வந்தது. அப்பா அன்றைக்கு வீட்டில் கறி எடுக்கச் சொன்னார். ஆர்டரை அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள்.

"போணும்னு தோணுனா போயேம்ட்டி. நான் என்ன சொல்ல? நம்ம இன்ஸ்டிட்யூட்ட நான் ஒத்தையில எப்படியும் பாத்துக்கிடுவேன்."

"நான் போகலக்கா."

"நல்லா யோசி. எனக்காகச் சொல்லாத. ஒனக்கு எப்படித் தோணுது?"

"இதுதான்க்கா எனக்கு எல்லாம். போர்டுல பேரு வந்தாப் போதும்."

அக்கா சிரித்தாள். என் கன்னத்தைத் தட்டினாள். "பிள்ளைக்கு ஆசையப் பாரு" என்றாள். அன்றைக்கு நான் பறந்துதான் வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள், "அந்தப் பொம்பள ஒனக்கு எழுதிக் குடுத்தாளா?" என்று மட்டும் கேட்டார். அக்காவைப் பற்றி அப்படிப் பேசாதீங்க என்று நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

இனி அந்த அறை. எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு பார்சி பல் டாக்டர் இருந்தாராம். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே நாலு சுவரிலும் தேக்குப் பலகை அடித்திருந்தார். வருஷக்கணக்கில் பாலிஷ் ஏறி ஏறிக் கருத்துப்போன பலகை. மழைக்காலத்தில் லேசாகக் கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் பல்பு எரிய வேண்டும். கண் வலிக்கிறது என்று பிள்ளைகள் புகார் சொல்லும். நானும் வந்த நாளிலிருந்து, "வெள்ளைப் பெயிண்ட் அடிச்சா வெளிச்சமா இருக்கும்க்கா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அக்காவிடம் அதற்கு ஒரே பதில்: "கீயப் பாக்காமத்தான அடிக்கணும், வெளிச்சம் எதுக்கு?" பிள்ளைகள் சிரித்துவிடும். நானும் சிரித்துவிடுவேன்.

அப்புறம் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. இருட்டடிப்புக்காக ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டினோம். யுத்தம் முடிந்தும் கொஞ்சநாள் அது அப்படியே கிடந்தது. ஊரில் வேறு மாதிரிப் பேச்சும் கிளம்பியிருந்தது. மதராசிகள் ஆபீஸ் வேலையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று சுவர்களில் எழுத ஆரம்பித்த காலம் அது. மதராசி டைப்பிஸ்ட் என்றால் ஆபீஸ்களிலும் யோசித்தார்கள். எங்களிடம் படிக்க வருகிறவர்களும் குறைந்தார்கள். ஏழில் மூன்று மெஷின் சும்மா நின்றது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு அக்கா தானே ஜன்னலில் இருந்த கறுப்புத்தாளைக் கிழித்தாள். பாதி கிழித்துவிட்டு, திரும்பி அறையைப் பார்த்தாள்.

"ரூமு இருட்டாத்தான் இருக்கு, என்னட்டி? ஒனக்கு எப்படித் தோணுது?"

இத்தனை வருஷமாக நான் கத்தியதை அவள் வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெயிண்ட் அடிச்சிருவோம்க்கா. லீவு நாலு நாள் இருக்கு. ஆள் எதுக்கு, நானே அடிக்கேன்" என்றேன்.

"நம்ம ரூமு. ஒனக்குத் தோணுனபடி செய்" என்றாள்.

"அப்புறம் போர்டுக்கும் புதுசா அடிச்சிரலாம்க்கா."

"மொதல்ல ரூமு வெளிச்சமாவட்டும்" என்றாள்.

பெயிண்ட் வாங்க தாராவியில் எங்கள் தெரு முனையிலிருந்த பாய் கடைக்குப் போனேன். அவர் காயல்பட்டினத்துக்காரர். மரத்துக்கா என்று கேட்டார். தேக்கு என்றதும் டப்பாவை எடுக்கப் போன கையை இறக்கிவிட்டார். "நேரா வெள்ளை அடிச்சியன்னா தேக்கு எண்ணெயக் கக்கும்மா. ரெண்டு நாள்ல மஞ்ச மஞ்சளா ஊறிக்கிட்டு வெளிய வரும். மொதல்ல உப்புத்தாள் போட்டு பாலிஷை எடு. பொறவு அரக்கைச் சாராயத்துல கரைச்சுப் பூசு. அதுக்கு மேலதான் வெள்ளை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நல்ல தேக்க ஏம்மா மூடுதிய? மனசு வருதா?" என்றார். நம்ம ரூம் வெளிச்சமா வேணும் பாய் என்று பெருமையாகச் சொன்னேன்.

முதல் நாள் முழுக்க உப்புத்தாள். கறுப்புத் தூள் மூக்கு, காது, தொண்டை எல்லாம் ஏறியது. காறித் துப்பினால் காப்பி நிறம். தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து தேக்கு தேன் நிறத்தில் வெளியே வந்தது. பாய் கேட்டது ஒரு நிமிஷம் ஞாபகம் வந்தது. அந்த நிமிஷத்தோடு சரி, தேய்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் அரக்கு. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வெள்ளை, இரண்டு கோட். அக்கா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, "மேல ஒரு எடம் விட்டுப்போச்சு பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவள் சும்மாவே இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு மூலையில் கீழ்ப்பகுதியை அவள்தான் அடித்தாள். என்னைவிட ஒழுங்காகவே அடித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் என் கையெல்லாம் டர்பண்டைன் பட்டு எரிந்தது. தலைமுடியில் பெயிண்ட் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அக்கா என்னைத் தரையில் உட்காரவைத்து, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு முடியை ஒவ்வொரு இழையாகத் துடைத்தாள். கையில் தேங்காயெண்ணெய் தடவி ஊதிவிட்டாள். ஏதோ கீர்த்தனையை மூக்குக்குள் முனகிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவுக்கு என்னை அப்படி உட்காரவைத்துப் பார்க்க நேரமே இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணெண்ணெய் காட்டம் என்று சொல்லிக்கொண்டேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் செய்திருக்கலாம். அன்றைக்கு என் தலையைத் தொட்டிருக்க வேண்டாம்.

அறை என்னமாய் இருந்தது தெரியுமா? ஜன்னலைத் திறந்தால் போதும், பல்பு வேண்டாம். மெஷின்களின் நிக்கல் எல்லாம் மின்னியது. இரண்டு மடங்கு பெரிய அறை மாதிரித் தெரிந்தது.

மறுநாள் காலையில் மீந்த டப்பாவைப் பாய் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். படியேறும்போது மேலே ஓர் ஆண் குரல் கேட்டது. ஊர்ப் பேச்சு. புதிதாகச் சேர யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்தது அக்காவின் குரல்.

"நம்ம ரூமு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாத்தியளா அண்ணாச்சி. நம்ம ஜன்னல் கெழக்கப் பாத்தது. காலை வெயில் பூராவும் நமக்குத்தான்."

படியில் நின்றுவிட்டேன். நான் டைப்பில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் இதற்கு ஒரே வார்த்தைதான் உண்டு. நம் பாஷையில் இரண்டு. 'எங்க ரூமு' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். 'நம்ம ரூமு' என்றால் கேட்கிறவனும் உள்ளே. அக்கா அந்த அண்ணாச்சியை உள்ளே வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் படியில் நின்றேன். எங்கள் ஊரில் வந்த விருந்தாளிக்கு நாற்காலியைப் போட்டு, "நம்ம வீடுதான், உக்காருங்க" என்பார்கள். அதைக் கேட்டு யாராவது வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கேட்பானா? ஐந்து வருஷமாக அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

"ஒண்ணாந்தேதி சாவி கெடச்சிருமில்லா?" என்றது அந்தக் குரல்.

"கெடச்சிரும். மெஷினுக்கும் ஆள் சொல்லியாச்சு. இந்த ஊர் இனிமே சரிப்படாது அண்ணாச்சி. தம்பி வீட்டோட போயிரலாம்னு இருக்கேன்."

"இங்க ஒரு பிள்ள வேல பாக்குதே?"

"அவ கெட்டிக்காரி, எங்கயும் பொழச்சிக்கிடுவா. பெயிண்ட் அடிப்போம்னு சொன்னதே அவதான்."

பம்பாயில் வாடகை அறையை ஒரு தொகை வாங்கிக்கொண்டு கைமாற்றி விடுவதற்குப் 'பகடி' என்று பெயர். ஊர்த் தமிழில் பகடி என்றால் கேலி. அந்த வார்த்தையைக் கேட்டு நாங்கள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

அண்ணாச்சி என்னைத் தாண்டி இறங்கிப் போனார். நான் உள்ளே போனேன். அக்கா பதறவில்லை. வாட்ச்சைப் பார்த்து, "இம்புட்டு நேரமா?" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேக்கா."

"சொல்லணும்னுதான் இருந்தேன். லீவுல ஒன் சந்தோஷத்தக் கெடுப்பானேன்னு பாத்தேன்."

"நான் அந்தக் கோட்டை வேலைய விட்டேன்க்கா. ஒங்களுக்காக."

"எனக்காகச் சொல்லாதன்னு அப்பவே சொன்னேன்லா?"

"போர்டுல பேரு போடுதேன்னீங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "நான் எப்பம்ட்டி சொன்னேன்?" என்றாள். "நீதான சொன்ன."

ஐந்து வருஷத்தையும் ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்த்தேன், அவள் சொன்னதாக ஒரு வாக்கியம் அகப்படவில்லை. போகவில்லை என்றது நான். போர்டு என்றது நான். பெயிண்ட் என்றது நான். அவள் கேட்டாள், சிரித்தாள், கன்னத்தைத் தட்டினாள். ஏமாற்றுகிறவர்கள் பொய் சொல்வார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இவளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. எந்த முடிவையும் கையால் தொடமாட்டாள், அடுத்தவள் வாயில்தான் போடுவாள். அவளையும் எப்போதோ யாரோ, 'நீதானே சொன்னாய்' என்று குத்திக் குத்திக் கொன்றிருக்க வேண்டும். இருக்கட்டும். அதற்கு நான்தானா கிடைத்தேன்?

அழவில்லை. "வேற வேலை தேடணும். ஒரு சர்ட்டிபிகேட்டாவது குடுங்க" என்றேன்.

"அதுக்கென்ன. நீயே அடிச்சுக்கோ. ஒனக்கு என்ன தோணுதோ எழுதிக்கோ, நான் கையெழுத்துப் போடுதேன்."

ஜன்னலோர மெஷினில் தாளைச் செருகினேன். வெளிச்சத்தில் கண் கூசியது. எதிரே நான் தேய்த்து, பூசி, அடித்த சுவர். என்ன எழுத? என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டிருந்தால் அதை அடிக்கலாம். நானாக யோசித்து யோசித்து அடித்தேன். நேர்மையானவள் என்று அடித்தேன். உழைப்பாளி என்று அடித்தேன். நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கலாம் என்று அடித்தேன். இவளை இழப்பது எங்களுக்குப் பெரிய வருத்தம் என்றும் அடித்தேன். ஒரு பிழை இல்லை. அக்கா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக் கொடுத்தாள்.

நாலு மாதம் வேலைக்கு அலைந்தேன். கடைசியில் செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. பாலக்காட்டுக்காரர் ஒருவர் மேனேஜர். சர்ட்டிபிகேட்டை மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை நன்னா யாரும் எழுதித் தர மாட்டாளே. அந்த அம்மாவுக்கு உம்மேல ரொம்பப் பிரியம் போலிருக்கு" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.